ரேச்சல் ஆன்ட்டி கொடுத்த தொப்பி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் உடைகளில் குத்தும் பெயர்ச் சீட்டுகளும் சலவைக் குறிப்புகளும்தான். வசனம் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் எழுதும் நம் சிங்கப்பூர் நாடகக் குழுவின் இந்த மலரில், திரைக்குப் பின்னால் பொத்தான் போட்டுவிட்டவள் வந்து பக்கத்தை நிரப்புவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு வலியால் போன வருடம் வேலையை விட்டேன். நம் குழுவின் உடை அறையை இப்போது பிரியா பார்த்துக்கொள்கிறாள். சென்ற மாதம் அவள் போன் செய்தாள்.

“மினாக்கா, அந்த யூதர் நாடகத்தைத் திரும்ப போடப் போறாங்க. போடலாமா வேணாமான்னு மீட்டிங்ல ஒரே சண்டை லா. போட்டா அவரை எப்படி டிரெஸ் பண்றதுன்னு இன்னொரு சண்டை. அப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

நாடகத்துக்கு வருமுன் நான் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்த ஆல்ட்டரேஷன் கடையில் வேலை பார்த்தேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ரவிக்கை பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. ஒரு நாள் நம் குழுவின் உடைகளைப் பார்த்துக்கொண்ட சுசீலா அக்கா பெரிய மூட்டையோடு படியேறி வந்தார். ராஜா வேடத்துக்கான அங்கி கிழிந்துவிட்டதாம், மாலையில் காட்சியாம். நான் தைத்துக் கொடுத்ததை அவர் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழு இழுத்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வாரம் வந்து, “எங்கூட வந்துடு மா” என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அவரிடம் வேலை செய்தும் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் மாட்டினால் சரி என்று பொருள். “மா” என்று இழுத்தால் பிரித்துத் தைக்க வேண்டும். அந்த இழுப்பின் நீளத்தை வைத்தே எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன்.

அவர் சொல்லித் தந்த வேலை முறை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. டிரெஸ்ஸர், அதாவது நடிகருக்கு உடை மாட்டிவிடுகிறவர், கறுப்பு உடைதான் போட வேண்டும். வளையல் கூடாது, வாசனை கூடாது. இருட்டில் சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அவசரமாக உடை மாற்ற வேண்டிய இடங்களில் பொத்தான் வெளியே அழகுக்கு மட்டும், உள்ளே வெல்க்ரோ ஒட்டுப்பட்டி. கால்சட்டையைத் தரையில் இரண்டு வளையமாக விரித்து வைத்தால், நடிகர் வந்து அதில் நின்றால் போதும், நாம் மேலே இழுத்துவிடலாம்.

வியர்வை நாற்றத்துக்கு வோட்கா. கனமான மேடை உடைகளைத் தினமும் துவைக்க முடியாது. மலிவான வோட்காவைத் தெளிப்பானில் ஊற்றி அக்குளில் அடித்துக் காற்றாட விட்டால் வாடை போய்விடும். தோ பாயோ பேரங்காடியில் அதை வாங்குவது என் வேலை. ஒரு முறை பணம் வாங்கும் இடத்தில் இருந்த அம்மா என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், கூடையில் இருந்த பாட்டில்களைப் பார்த்தார். “உங்களை மாதா கோயில்ல பாத்திருக்கேன்ல?” என்றார். சட்டைக்கு வாங்குகிறேன் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி உண்டு. மேடைக்குப் போகும் முன் நடிகரிடம் பேசக் கூடாது. வேலை முடிந்ததும் அவர் வலது தோளில் ஒரு தட்டு. அவர் போகலாம் என்று அதற்குப் பொருள். அக்கா சொல்வார்: “அவங்க வாயில வசனம் இருக்கு மா. நீ பேசுனா கொட்டிடும்.”

பேசக் கூச்சப்படும் எனக்கு இதைவிடத் தோதான வேலை எங்கே கிடைக்கும்?

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். பல நூற்றாண்டுப் பழைய ஆங்கில நாடகம். பள்ளியில் இலக்கியம் எடுத்தவர்களுக்கு நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கதை இதுதான். ஒரு யூத வியாபாரி. ஊரே அவரை இழிவாகப் பேசுகிறது, மேலே துப்புகிறது. அவர் மனத்தில் வன்மம் ஏறுகிறது. கடைசியில் நீதிமன்றத்தில் எதிரியின் உயிரையே கேட்டு நிற்கிறார். வழக்கு அவர் மேலேயே திரும்பி விழுகிறது. சொத்து போகிறது. போதாதென்று, அவர் கிறிஸ்தவராக மாற வேண்டும் என்றும் தீர்ப்பு. அவர் போன பிறகு மற்றவர்கள் கல்யாணமும் கேலியுமாக மகிழ்ச்சியாக முடித்துக்கொள்கிறார்கள்.

இதைத் தமிழில் எழுதி வாங்கி, பொதுமக்களுக்கு மாலையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியத்திலும் போடுவதாக ஏற்பாடு. யூதராக நடித்தவர் மனோகர் அண்ணன். பகலில் பேருந்து ஓட்டுநர். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வசனம் பாடம் செய்வார். சிராங்கூன் சாலையில் ஒருநாள் நீதிமன்ற வசனத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டாராம். பின்னால் இருந்த சீனப் பாட்டி, தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டாராம்.

உடைகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுதும்போது வழக்கம்போல் பிரதியைப் பார்த்து எழுதினேன். பிரபுக்களுக்குப் பெயர் இருந்தது, வேலைக்காரனுக்கும் இருந்தது. யூத வியாபாரியைப் பிரதியில் பெரும்பாலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் நான் ‘யூதன்’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தேன். சுசீலா அக்கா அதைக் கழற்றினார்.

“அந்த ஆளுக்குப் பேர் இல்லையா மா?”

“இருக்கு அக்கா.”

“அப்ப அதை எழுது.”

அவர் உடைக்கு வேண்டியவற்றில் எங்களுக்கு அமையாமல் இருந்தது தொப்பி. உச்சந்தலையில் யூதர்கள் போடும் சின்னத் தொப்பி. விருந்துகளுக்கு வேடிக்கைச் சாமான் விற்கும் கடையில் இயக்குநர் ஒன்று வாங்கி வந்திருந்தார். பளபளவென்று இருந்தது, இரண்டு பக்கமும் சுருள் முடி வேறு ஒட்டியிருந்தது. அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப உறைக்குள் போட்டார்.

“உன் கடைக்கு ஒரு யூத அம்மா வருவாங்கன்னு சொல்லுவியே. அவங்ககிட்ட எப்படி இருக்கும்னு கேட்டுட்டு வா. அதைப் பாத்துத் தைப்போம்.”

அவர்தான் ரேச்சல் ஆன்ட்டி. ஆல்ட்டரேஷன் கடை நாளிலிருந்து எனக்குப் பழக்கம். பாவாடை ஓரம் தைக்கக் கொடுத்தால் திரும்ப வாங்கும்போது என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போவார். சிலிகி சாலையில் நெற்றியில் ஆறுமுனை நட்சத்திரம் பதித்த பழைய கட்டடம் இருக்கிறதே, அதற்கு அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா பாக்தாதிலிருந்து வந்தவராம். அப்போது அவருக்கு எண்பது வயது இருக்கும். டோபி காட் பக்கம் பழைய அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நடுவில் தேக்கா சந்தையில் பொறுக்கிய தமிழும் வரும். நான் அதைத் தமிழாகவே எழுதுகிறேன்.

நாடகத்தில் ஒரு யூதர் வருகிறார், தொப்பி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். எந்த நாடகம் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். டிஷ்யூத் தாளுக்குள் கறுப்பு வெல்வெட் தொப்பி. விளிம்பில் வெள்ளிச் சரிகை, சில இடங்களில் கறுத்துப் போயிருந்தது.

“எங்க அப்பாவுது. பாத்து எல்லாம் தைக்க வேணாம். இதையே போடச் சொல்லு.”

“வேணாம் ஆன்ட்டி. மேடையில வேர்க்கும், அழுக்காயிடும்.”

“உள்ள பாரு. அவருக்கும் வேர்த்துச்சு லா.”

உள்துணியில் நெற்றி படும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம். அந்தக் கறையை மட்டும் எடுத்துவிடாதே, துவைக்காதே என்றார். வாங்கிக்கொண்டேன்.

நீதிமன்றக் காட்சியின் முடிவை இயக்குநர் கடைசி வாரம்வரை அமைக்கவில்லை. அமைத்த அன்று நான் அளவு நாடாவோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒத்திகைக்கு மனோகர் அண்ணன் அவருடைய பேஸ்பால் தொப்பியைப் போட்டிருந்தார். தீர்ப்பு வந்ததும் எதிரியின் நண்பனாக நடிக்கும் தம்பி பின்னாலிருந்து அந்தத் தொப்பியை ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். அது பறக்க வேண்டும். இன்னொருவர் பெரிய சிலுவையைக் கழுத்தில் மாட்ட வேண்டும். மனோகர் அண்ணன் கூனிக்குறுகித் தரையைத் தடவித் தொப்பியைத் தேட, ஒரு கால் அதை எத்திவிடும். அவர் அதன் பின்னால் தவழ்ந்துகொண்டே வெளியே போக வேண்டும்.

“தொப்பி பறக்குது, சிலுவை விழுது, ஆள் தவழுறார். டப், டப், டப்! ஹால் அதிரும்” என்றார் இயக்குநர்.

ஒத்திகைக் கூடமே சிரித்தது. மனோகர் அண்ணன் நன்றாகத்தான் செய்தார்.

அந்தச் சிலுவையை நான்தான் செய்திருந்தேன். ஒட்டுப்பலகையில் அறுத்து, தங்கநிறம் பூசி, கடைசி வரிசைக்கும் தெரியும்படி. சின்ன வயதில் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது எனக்கு என் அம்மா போட்டுவிட்டது இன்றும் என் கழுத்தில் இருக்கிறது. மாலைகளுக்கு நடுவே, எல்லோரும் முத்தமிட்டு, எனக்குப் பரிசாக வந்தது. அதே சாமானை அங்கே ஒரு மனிதர் கழுத்தில் தண்டனையாக மாட்டினார்கள். அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் உயிரைக் கேட்டவர். அதற்குத் தண்டனை கொடுக்கட்டும். ஆனால் அவர் சாமியை ஏன் பிடுங்க வேண்டும், அதற்கு ஏன் என் சிலுவை வேண்டும்? எனக்கு அன்று இவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை. கையில் பசை காயாமல் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ரேச்சல் ஆன்ட்டியின் முகம் தெளிவாகவே நினைவுக்கு வந்தது. முதல் காட்சிக்கு முன்வரிசையில் அவருக்கு நானே டிக்கெட் எடுத்திருந்தேன். அவர் அப்பாவின் தொப்பி அவர் கண்முன் தரையில் உதைபடப் போகிறது.

மறுநாள் தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பொய்யைப் பாடம் செய்துகொண்டு போனேன்.

“ஆன்ட்டி, நடிகருக்குத் தலை பெருசு. சேரல. அதான்…”

அவர் டப்பாவைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“உச்சியில வைக்கிற தொப்பிக்குத் தலை பெருசு சின்னது இருக்கா மினா? என்ன பண்ணப் போறாங்க இதை? தட்டிவிடப் போறாங்களா?”

ஆன்ட்டி காப்பி போட எழுந்தார்.

“எந்த நாடகம்னு எனக்குத் தெரியும் லா. யூதன் வர்ற நாடகம்னா எல்லாரும் அதைத்தானே போடுறாங்க! எங்க கான்வென்ட்லயும் போட்டாங்க.”

காப்பி போட்டுக்கொண்டே சொன்னார். பள்ளியில் அவர் ஒருவர்தான் யூதப் பெண். அவருக்கு வேடம் கொடுக்கவில்லை. ஆனால் யூதனாக நடித்த பெண் அவரிடம் வந்து, உங்கள் ஆட்கள் எப்படி நடப்பார்கள், நடந்து காட்டு என்று கேட்டாளாம். “எங்க அப்பா நடக்குற மாதிரி நேரா நடந்து காட்டினேன். எனக்கு ரொம்பப் பெருமை. மேடையில அவ கூன் போட்டுக்கிட்டு, கையைப் பிசைஞ்சுக்கிட்டு நடந்தா. மூக்குல மெழுகு. தலையில என்னமோ பானை மாதிரி ஒண்ணு. சிரிப்புன்னா சிரிப்பு, அலாமா! சிஸ்டருங்ககூட சிரிச்சாங்க. எங்க அப்பா முன்னால உக்காந்திருந்தார், இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு. பொண்ணோட ஸ்கூல் விழான்னு நல்ல தொப்பி போட்டுட்டு வந்தார்.”

“அப்பா என்ன சொன்னாங்க?”

“வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லல. படி ஏறும்போது சொன்னார், ‘அவன் தொப்பி சரியில்ல’ன்னு. அவ்ளோதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல.”

காப்பியை என் முன்னால் வைத்தார்.

“அதான் குடுத்தேன். அந்த ஆளு ஒரு தடவையாவது சரியான தொப்பி போட்டுக்கட்டும். சிரிக்கிறவங்க அதுக்கப்புறம் சிரிக்கட்டும்.”

“தட்டிவிடுவாங்க ஆன்ட்டி. தரையில விழும்.”

 ஆன்ட்டி டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“நீதானே டிரெஸ்ஸர். கீழ விழாம பாத்துக்க.”

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா ஊசியை நிறுத்தாமல் கேட்டார். பிறகு எழுந்து நேராக இயக்குநரிடம் போனார். நான் பின்னால் ஊசிப் பெட்டியோடு நின்றேன்.

“அந்தத் தொப்பி எரவல் சார். தட்டிவிட முடியாது.”

“அப்ப டூப்ளிகேட் தைங்க அக்கா.”

“தட்டாமலே இருந்தா?”

“லாஃப் போயிடும் அக்கா! ஸ்கூல் பிள்ளைங்க வர்றாங்க. இது காமெடி. எழுதினவரே காமெடின்னுதான் எழுதிட்டுப் போயிருக்கார். அந்த ஆள் வில்லன், அவன் தோத்தா கைத்தட்டணும். நான் என்ன புதுசாவா பண்றேன்?”

அவர் கெட்டவர் இல்லை. அரங்கத்துக்கு ஆள் வர வேண்டும் என்று ராப்பகலாக அலைந்தவர். அக்கா வாதாடவில்லை. “தைச்சிடுறோம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கறுப்பு வெல்வெட்டில் நான் ஒன்று தைத்தேன். சரிகையும் வைத்தேன். தூரத்துக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. கையில் எடுத்தால் என்னுடையது காலியாக இருந்தது.

அன்று மதியம் யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் செய்தேன். மனோகர் அண்ணனின் அங்கிக்குள், இடது பக்கம் இடுப்புக்கு நேராக, ஒரு பை வைத்துத் தைத்தேன். அக்கா அங்கியை விளக்குக்கு நேரே பிடித்தார். உட்பையைப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்கவில்லை.

“இன்னும் மேல தூக்கு மா.”

பிரித்து விலா எலும்புக்கு நேராக வைத்தேன். மறுபடி பார்த்தார்.

“இன்னும் மேல.”

நெஞ்சுக்கு நேராக வைத்தேன். பேசாமல் மாட்டினார். அவ்வளவு உயரத்தில் ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மனோகர் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. அவர் அந்தச் சிரிப்பை எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அங்கிக்கு அளவு பார்க்கும்போதே சொல்லியிருந்தார்: “இத்தனை வருஷமா நடிக்கிறேன் மினா. எனக்குச் சாகுற வேஷம்தான் தருவாங்க. செத்தவனுக்கு யாரு கைத்தட்டுறா? இதுலதான் ஹாலே என்னைப் பாக்குது.” அதைக் கேட்ட பிறகு, அதை விட்டுக்கொடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? முதல் நாள் வரை சொல்லவில்லை. முதல் நாள் மாலையும் சொல்லவில்லை.

ஒப்பனை மேசையில் இரண்டு தொப்பிகளையும் அக்கா அருகருகே வைத்திருந்தார். எதை எடு என்று சொல்லவில்லை. பக்கத்துச் சாமான்களை அடுக்குகிறவர்போல் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் பழைய தொப்பியை எடுத்தேன்.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் ரேச்சல் ஆன்ட்டி, நீல உடையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்சிகள் ஓடின. மனோகர் அண்ணன் கூனி நடந்து வரும்போதெல்லாம் அரங்கம் சிரித்தது. ஆன்ட்டி சிரிக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

நீதிமன்றக் காட்சிக்கு முன் மனோகர் அண்ணன் பக்கத்திரை மறைவுக்கு வந்தார். வியர்வையைத் துடைத்தேன். அங்கியைச் சரிசெய்தேன். தொப்பியை உச்சியில் வைத்து இரண்டு ஊசி குத்தினேன். தோளில் தட்ட வேண்டிய நேரம். கை எழுந்தது. டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

“அண்ணே.”

அவர் திடுக்கிட்டார். அவருக்கு உடை மாட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இருட்டில் என் குரலை அவர் கேட்டதில்லை.

“இந்தத் தொப்பி முன்னால உக்காந்திருக்கிற அம்மாவோட அப்பாவுது. இதைப் போட்டுக்கிட்டு இதே நாடகத்தைப் பாத்தவரு. கீழ விழக் கூடாதுண்ணே. உள்பக்கம் பை தைச்சிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமா என்று இருட்டில் தெரியவில்லை.

“பஸ்ஸு கிளம்புற நேரத்துல ஓடி வந்து கதவைத் தட்டுற மாதிரி இருக்கு நீ பண்றது” என்றார்.

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“ஊசியை எடு.”

“ஆங்?”

“தொப்பியில குத்துன ஊசியை எடு மா. எப்படிக் கழட்டுறது நான்?”

எடுத்தேன். தோளில் தட்டினேன். போனார்.

தீர்ப்பு வந்தது. நண்பனாக நடித்த தம்பி பின்னால் வந்து கையை ஓங்கினான். அதற்குள் மனோகர் அண்ணன் தன் கையாலேயே தொப்பியை எடுத்துவிட்டார். அவசரமில்லாமல். உள்ளே இருந்த பழுப்பு வளையத்தைப் பார்த்தார். இரண்டாக மடித்தார். அங்கிக்குள் கையை விட்டுப் பையைத் தேடினார். அப்போதுதான் அக்கா ஏன் மேலே, இன்னும் மேலே என்றார் என்று புரிந்தது. கூனிக்கொண்டு அந்தப் பையில் ஒன்றும் வைக்க முடியாது. மார்பை நிமிர்த்தினால்தான் கை போகும். அவர் நிமிர்ந்தார். நாடகம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக முழு உயரத்தில் நின்றார். உயரமான மனிதர் அவர். எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தம்பிக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கீழே இறக்கினான். சிலுவையை மாட்ட வேண்டியவர் வந்து மாட்டினார். வெறும் தலையோடு அவர் அதை வாங்கிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி நடுவிலேயே நிறுத்தினார்கள். அவர் நேராக நடந்து வெளியே வந்தார். மேடையில் அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கைத்தட்டல் இல்லை. அவர் ஆசைப்பட்டது அன்று அவருக்குக் கிடைக்கவில்லை.

மறைவுக்கு வந்ததும் தொப்பியை எடுத்து என் கையில் வைத்தார். “ரொம்ப உயரத்துல தைச்சிருக்கே” என்றார்.  

காட்சி முடிந்து இயக்குநர் உடை அறைக்கு வந்தார். “காட்சியையே கொன்னுட்டீங்க! யாரைக் கேட்டு மாத்தினீங்க?” என்று மனோகர் அண்ணனிடம் சத்தம் போட்டார்.

சுசீலா அக்கா அங்கிக்கு வோட்கா அடித்துக்கொண்டே, “உள்பை என்னோட டிசைன் சார். உடையில எதுன்னாலும் என்னைக் கேளுங்க” என்றார்.

இயக்குநர் போன பிறகு நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அங்கியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். பையின் தையலை இழுத்துப் பார்த்தார். பேசாமல் மாட்டினார்.

ரேச்சல் ஆன்ட்டி பின்வாசலில் டாக்சிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நின்றேன். தொப்பியை நாளைக்குக் கொண்டுவா என்றார். டாக்சி வந்தது. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

“தொப்பி சரியா இருந்துச்சு மினா” என்றார்.

பிரியா, நாடகத்தைப் போடலாமா வேண்டாமா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. போட்டால், பெயர்ச் சீட்டில் அவர் பெயரை எழுது. பையை உயரத்தில் தை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

முதல் காட்சிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. தொப்பியைத் துவைக்காமல், டிஷ்யூவில் சுற்றி, காலையில் ஆன்ட்டி வீட்டில் கொடுத்தேன். மதியம் பள்ளிக் காட்சி. தொப்பியைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். நான் தைத்ததை மனோகர் அண்ணன் போட்டுக்கொண்டார். தட்டினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். காட்சி முடிந்ததும் மேடைக்குப் போய் அதை எடுத்து, தூசி தட்டி, மாலைக் காட்சிக்குத் தொங்கவிட்டேன்.